ஆக்சுவலிக்குப் பிறகு

மணிக்கட்டிலிருந்த ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டாள் டோரீன். சுளீரென்றது.

தனக்குத்தானே ஒத்திகை பார்க்கும்போதுகூட அந்தச் சொல் வந்துவிடுகிறது. ஆக்சுவலி.

எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தக் கால் சென்டரில் அதுதான் பயிற்சி முறை: வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாத அச்சொல்லை உச்சரித்தவர் தம் கையாலேயே ரப்பரை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். இன்று இறுதித் தேர்வு. தேறினால், பயிற்சியாளர் அன்னாவின் கழுத்தில் தொங்குவதைப் போன்ற அடையாள அட்டை. நாக்கு ஒருமுறை நழுவினாலும் வேலை இல்லை. காக்ஸ் டவுன் மழலையர் பள்ளியில் அவள் விட்டுவந்த இடத்துக்கு வேறொருத்தி வந்தாயிற்று.

குழப்பம்தான் தீரவில்லை. அகராதி அந்தச் சொல்லுக்கு ‘உண்மையில்’ என்று பொருள் சொன்னது. அவள் வீட்டிலோ அதற்குப் பொருளே கிடையாது. தொண்டையைச் செருமுவதைப் போன்றது. ஆக்சுவலி மம்மி, உப்பு கம்மி. உண்மையைச் சொல்ல வரும் சொல் எப்படிக் குற்றமாகும்?

அன்னா, தேவாலயப் பாடகர் குழுவில் அவளோடு நின்று பாடுபவள். டோரீன் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“ஏய் டீச்சரம்மா, நல்ல சேதி சொல்ல வர்றவங்க யாராச்சும் ஆக்சுவலின்னு ஸ்டார்ட் பண்ணுவாங்களா? அதைக் கேட்டதுமே கஸ்டமருக்குத் தெரிஞ்சிடும்பா, காரியம் ஆவலைன்னு.”

மாதிரி அழைப்பு தொடங்கியது. கோபக்கார அமெரிக்கராகப் பேசியவன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த ஊழியன் ரயான். பழுதான பிரிண்டரை ஏன் மாற்றித் தர முடியாது என்று உறுமினான். சொல் நாக்கின் நுனிவரை வந்தது, விழுங்கினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினாள்.

ஒருமுறைகூட நழுவவில்லை. ரயான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

காலையிலிருந்தே பயிற்சியாளர்களை ஒவ்வொருவராக மேலதிகாரி தம் அறைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து திரும்பிய அன்னா நேரே டோரீனிடம் வந்தாள். சிரிப்பதற்கு உதடுகள் ஆயத்தமாயின; சிரிப்பு வரவில்லை.

“டோரீன்... ஆக்சுவலி...”



விளையாட்டா, இதுவும் தேர்வில் ஒரு பகுதியா என்று விளங்காமல் டோரீன் நின்றாள். அன்னா தன் வெறும் மணிக்கட்டை அவள்முன் நீட்டினாள்.

தன் ரப்பரைக் கழற்றி அதில் மாட்டிவிடும்போதுதான் டோரீன் கவனித்தாள்: அன்னாவின் கழுத்தில் அடையாள அட்டை இல்லை.