வேலைவாய்ப்புப் பக்கம்

“எட்டு மணிக்கு உட்கார்ந்தவர். இப்ப மணி ஒன்பதே கால். இன்னும் அதே பக்கம்தான்” என்று நூலகரிடம் பொருமினார் கிளார்க்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் நூலகத்தின் ஒரே நாளிதழை மேசையில் விரித்துக் குனிந்திருந்தார். விரல் வரிமேல் ஊர, உதடு முணுமுணுத்தது. அதுவும் வேலைவாய்ப்புப் பக்கம். இரண்டு வாரமாகத் தினமும் இதே கூத்து.

கிளார்க்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டில் கம்பெனியில் கிளார்க்காகப் பதினோரு வருடம், ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவர் மேசை வழியாகத்தான் நடந்தது. அறுபது தொழிலாளிகளின் ஃபைலை முடித்துக் கொடுத்த மறுமாதமே அவர் ஃபைலையும் முடித்துவிட்டார்கள். மனைவியின் முகத்துக்குப் பயந்து, விடிந்ததும் இங்கே வந்து விண்ணப்பம் எழுதுகிறார்.

பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பேப்பரை வெடுக்கென்று இழுத்தார். ஓரம் கிழிந்தது.

“பொழுது போகலேன்னா பார்க்ல போய்த் தூங்குங்க. வேலை போனவன் அவஸ்தை உங்களுக்கு என்ன தெரியும்?”

“எனக்கும் வேலை போயிடுச்சு சார்.”

“அப்போ நாலு இடத்துக்கு எழுதிப் போடணும். ஒரே பக்கத்தை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஆச்சா?”

நூலகர் விருட்டென்று வந்தார். “கத்தாதீங்க சார். அவர் படிக்கலை, படிக்கக் கத்துக்கிறார். நான்தான் சொல்லித் தர்றேன். அந்தப் பக்கத்துலதான் எழுத்து பெருசு பெருசா இருக்கு.”

கிளார்க் கொஞ்சம் இறங்கினார். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. “இந்த வயசுல எதுக்குங்க இது?”

“சும்மா கிடக்கிற நேரம்தானே.” சட்டைக்காரர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். “வேலையை விட்டு அனுப்புறப்போ இதுல கைநாட்டு வெச்சேன். சொன்னது ஒண்ணு, இதுல இருக்கிறது வேறன்னு இப்போ சொல்றாங்க. என்ன எழுதியிருக்குன்னு நானே படிச்சாகணும்.”

“இதுக்கா இத்தனை பாடு? கொடுங்க, ஒரு நிமிஷத்துல படிச்சுச் சொல்றேன்.”

சட்டைக்காரர் தாளைக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து, கிளார்க்கின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“போன தடவையும் நீங்கதான் சார் படிச்சுச் சொன்னீங்க.”