அவர் பெயரைச் சொல்லவில்லை

அவர் பேச எழுந்ததும் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

பெயரைச் சொல்லிவிடுவாரோ.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவளை டெல்லிவரை கூட்டி வந்திருந்தார். அவளுடைய தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். நீங்க மாடத்துல வந்து உக்காந்தாலே போதும்மா, எனக்குப் பேசத் தெம்பு வரும் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான். மகள் பெயர் வரக் கூடாது.

பார்வையாளர் மாடத்தில் கை தட்டக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தூங்கக் கூடாது. போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டு எண் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூங்குகிறவர்கள் கீழே அவையில் இருந்தார்கள்.

தனிமனிதர் தகவல்களைக் காக்கும் மசோதா. பத்திரிகைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டா இல்லையா என்று காலையிலிருந்து பேச்சு. விலக்கு இல்லையென்றால் திருடனைப் பற்றிக்கூட எழுத முடியாது என்றார் ஒருவர். எழுதுகிறவனே திருடனாக இருந்தால் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

இருவர் சொன்னதும் சரியென்றே அவளுக்குப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கீழே அந்த மூடியைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் தொடங்கினார். ஒரு கல்லூரி மாணவி. சாகத் துணிந்தவள். காப்பாற்றிய மருத்துவரிடம் அவள் அழுது சொன்னதெல்லாம் மருத்துவமனைக் கணினியிலிருந்து வெளியே போய், ஒரு பத்திரிகையில் அவள் படத்தோடு வந்தது. பெட்டிக்கடை வாசல்களில் போஸ்டராகத் தொங்கியது.

நன்றாகத்தான் பேசினார். பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் பெயரை இப்போது பெற்றவளான இவளே சொல்வதில்லை. மகள் ஓசூரில் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாடியில் ஓர் அறை. நித்திலா என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர், குடும்பத்தில் யாருக்கும் இல்லாதது. அவ்வப்போது இவள் போய் வருவாள். நித்திலா அம்மா வந்தாச்சு என்று வீட்டுக்கார நாகவேணி கீழேயிருந்தே குரல் கொடுப்பாள். அந்தத் தெருவுக்கு வேறு எதுவும் தெரியாது.

மகள் மறுபடி சிரிக்கத் தொடங்கியது அந்தத் தெருவில்தான்.

கீழே அவர் குரல் உடைந்தது.

"அந்தப் பெண்ணைப் பெற்ற தாய், இதோ, இங்கே உட்கார்ந்திருக்கிறார்."

கையைத் தூக்கி மாடத்தைக் காட்டினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்து மாடத்துப் பத்திரிகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேமராவும் திரும்பியது.

பெயருக்குத்தான் வாக்கு வாங்கியிருந்தாள். தன் முகத்தை அவள் நினைக்கவே இல்லை.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். முகத்தை மூடக் கூடாது என்று காவலர் சைகை காட்டினார்.

எடுத்துவிட்டாள்.

சபாநாயகர் குறுக்கிட்டார். மாடத்தில் இருப்பவர்களைச் சுட்டிப் பேசுவது மரபல்ல, உறுப்பினர் சொன்னது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார். அவ்வளவுதான். குறிப்பைப் பொறுத்தவரை அவள் வரவே இல்லை, அந்த நாற்காலி காலி. நேரலையில் ஊரெல்லாம் போனதை யார் நீக்குவது?

பிறகு குரல் வாக்கெடுப்பு. பத்திரிகைகளுக்கு விலக்கு கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆம் என்று நாலைந்து குரல். இல்லை என்ற சத்தத்தில் தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

வெளியே நடைவழியில் அவர் வேகமாக வந்தார். கண்ணில் இன்னும் ஈரம். நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பேரு வரவே இல்ல, பாத்தீங்களாம்மா என்றார்.

கும்பிட்டாள். வேறென்ன செய்வது.

வில்லையைக் கொடுத்துப் போனை வாங்கினாள். உயிர்கொடுத்ததும் அடித்தது.

நாகவேணி.

டிவியில் உங்களைப் பார்த்தேன் என்றாள். அந்தப் பெண்ணின் படத்தையும் காட்டுகிறார்களாம், முகத்தை மறைத்துத்தான். நித்திலா கடையிலிருந்து இன்னும் வரவில்லையாம். சொல்லச் சொல்லக் குரல் தணிந்துகொண்டே வந்தது.

"உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்காளாக்கா?"

கெட்டவள் இல்லை நாகவேணி. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

படிக்கட்டில் வெயில் காய்ந்தது. உள்ளேயிருந்து வந்தவர்கள் இவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"இருந்தா. மூத்தவ."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்தப் படம் வந்ததுக்கப்புறம் இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். இத்தனை நாளில் நித்திலாகூட வாய் திறக்கவில்லையே என்று நாகவேணி அழுதாள். அழுது முடித்துவிட்டு, துக்க வீட்டில் கேட்பதுபோல மெதுவாக, அந்தப் பிள்ளை பெயர் என்ன என்று கேட்டாள்.

பிறந்த அன்று நித்திலாவின் காதில் இவளே சொன்ன பெயர்.

இனி அதைச் சொல்லலாம்.

சொன்னாள்.