மைனா மேடத்தின் ஆன்லைன் வகுப்பு

பூனையிடமிருந்து தப்புவது எப்படி என்று குருவிகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுத்தது மைனா. ஒரு குருவியும் கேமராவைப் போடவில்லை. ஸ்லைடில் இருந்ததை மைனா அப்படியே வாசித்தது. "கேக்குதா?" என்று கேட்டாலும் பதில் இல்லை.

ஒரே ஒரு குரல்தான் "உம்" கொட்டிக்கொண்டிருந்தது. "பிரமாதம் மேடம்! நீங்க எந்தக் கிளையில தூங்குவீங்க?"

கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. மரம், கிளை, கூடு எல்லாவற்றையும் படம் போட்டே காட்டியது. "உங்க முகத்தையும் கொஞ்சம் காட்டுங்களேன்!"

கேமரா திறந்தது. மீசை தெரிந்தது.

கீச்சென்று ஒரே அலறல்! அத்தனை குருவிகளும் திரைக்கு வந்துவிட்டன.

"பாருங்க, இப்பதான் எல்லாரும் கவனிக்கறாங்க," என்றது பூனை. "முதல் ஸ்லைடுலேருந்து ஆரம்பிங்க மேடம்."