மெக்கானிக் வீடு

"கத்தியைக் கீழ வை புள்ள! ஐஸைக் குத்திப் பேத்தா உள்ள இருக்கிற குழாயில ஓட்டை விழும். காஸ் போயிட்டெண்டா இந்தப் பிரிட்ஜிட கதை முடிஞ்சிது!"

ஜவ்பர் போட்ட சத்தத்தில் ஹுஸ்னியா கத்தியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

குசினி மூலையில் நின்ற அந்தப் பிரிட்ஜ் அவர்களுடைய கலியாணத்துக்கும் முந்தியது. துறைமுகத்தில் பழைய கப்பல் ஒன்றை உடைத்து விற்றபோது ஹுஸ்னியாவின் வாப்பா வாங்கி வந்தது. உருண்ட மூலைகளும், லொறிக் கதவில் இருப்பது போன்ற பெரிய கைபிடியும் அதற்கு. ஐஸ் பெட்டியைச் சுற்றி இப்போது வெள்ளை வெளேரென்று கைத் தடிப்புக்கு உறைபனி படிந்திருந்தது. உள்ளே வைத்த பாரை மீனின் வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"ஒரு மாசமா. நீங்க வந்து பாக்கட்டும் எண்டு விட்டுட்டன்."

அந்த வார்த்தை ஜவ்பரின் நெஞ்சில் இதமாக இறங்கியது. இளவயதிலிருந்து கப்பல்களில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். கம்பனி கப்பலை விற்றுவிட்டு எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டது. நரை விழுந்தவனை இனி எந்தக் கப்பல் கூப்பிடும்? வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதிலிருந்து சொந்த வீட்டிலேயே விருந்தாளி போலத்தான் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் எதற்கும் உம்மாவைத்தான் தேடினார்கள். லைட் பில் கொண்டுவருபவனும் மீன்காரனும்கூட வாசலில் நின்று, அக்கா முறையில் "ஹுஸ்னியா தாத்தா" என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவனுக்கென்று அந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்தது இன்றைக்குத்தான்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பிளக்கைக் கழற்றினான். சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, ஒரு சட்டி நிறையக் கொதிநீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். சற்று நேரத்தில் உறைபனி தானாகவே பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் ஹுஸ்னியா.

"எங்க அவ்வளவுதான்? ஏன் கட்டினதெண்டு கண்டுபிடிக்காட்டி நாளைக்கும் கட்டும்."

குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பார்த்தான். அது அளவாகத்தான் இருந்தது. பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தான். மேலே இழுத்தபோது பேப்பர் அசையவில்லை. கீழ் மூலையில் வைத்து இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? ஈரக் காத்து இதாலதான் உள்ள போகுது. போற ஈரமெல்லாம் ஐஸாப் படியுது. கடக்கரை வீட்டில கேக்கவும் வேணுமா?"

கதவைச் சுற்றியிருந்த றப்பரைத் தடவிப் பார்த்தான். வெடிப்பில்லை, புதிது போல மெத்தென்று இருந்தது. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ. தரையில் குப்புறப் படுத்து, கதவைத் தாங்கும் கீழ்ப் பிணைச்சலைப் பார்த்தான். திருகாணி இளகி, கதவு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

நிமிராமலே கையை நீட்டினான். ஹுஸ்னியா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள். கருவிப் பெட்டியில் கிடந்தவற்றில் சரியான அளவு அதுதான். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினால் சொல்லாமலே விளங்கும்தானே என்று நினைத்துக்கொண்டான்.

இறுக்கி முடித்து மறுபடியும் பேப்பரை வைத்து இழுத்தான். இம்முறை பேப்பர் கிழிந்ததே தவிர, வெளியே வரவில்லை. பிளக்கைப் போட்டதும் கிழட்டுப் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

"இன்ஜினியருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டா!" என்றான் ஜவ்பர், சக்கரவர்த்தி போலக் கதிரையில் சாய்ந்து.

அந்த நேரம் பார்த்து வாசலில் குடையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"தம்பி, பிரிட்ஜ் திருத்துற மெக்கானிக் வீடு இதுதானே? நான் குலசிங்கம். உவர்மலையில இருந்து வாறன்."

ஜவ்பருக்குப் புல்லரித்தது. வருடக்கணக்காகக் கடலில் கிடந்தவனை ஊர் மறக்கவில்லை!

"இதேதான் ஐயா. வாங்க, இருங்க."

"இருக்க நேரமில்லை தம்பி. வெள்ளைக்காரன் போகேக்க அப்பா வாங்கின பிரிட்ஜ், ஐஸ் கட்டிக் கட்டிக் கதவும் பூட்டுதில்லை. கொழும்பில இருந்து வந்தவனும் ஏலாதெண்டு சொல்லிப்போட்டான். இந்த வீட்டு மெக்கானிக் தொட்டாச் சரிவரும் எண்டு மருமோள் சோபனா அடிச்சுச் சொல்லுறா."

"பாத்துருவம் ஐயா!"

ஜவ்பர் உள்ளே ஓடி, புதுச் சட்டையை மாட்டித் தலையையும் வாரிக்கொண்டு வந்தான். "போவமா?"

குலசிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களோ? போன மாசம் சோபனாவின்ர பிரிட்ஜைத் திருத்தினது ஒரு பொம்பிளை எல்லோ தம்பி? ஹுஸ்னியா எண்டு பேர் சொன்னவ."

போன மாதம் ஜவ்பர் கடலில் இருந்தான். மெல்லத் திரும்பிப் பார்த்தான். குசினி வாசலில், தேத்தண்ணிக் கோப்பையோடு, பிடிபட்ட கள்ளியைப் போல ஹுஸ்னியா நின்றாள்.

"கப்பலை விக்கப் போறாங்க எண்டு நீங்க சொன்ன அண்டைக்கே பயிற்சி வகுப்பில சேந்துட்டன். போன்ல சொன்னா வேணாம் எண்டுருவீங்க எண்டுதான்…" அவள் குரல் இறங்கியது.

ஒரு திருகாணியை இறுக்காமல் ஒரு மாதம் முழுக்கத் தனக்காகக் காத்திருந்தவளைப் பார்த்தபடி ஜவ்பர் நின்றான்.

"அப்ப நீங்கள் ஆர் தம்பி?" என்றார் குலசிங்கம்.

ஜவ்பர் கருவிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முன் வீட்டுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னான்:

"நான் மெக்கானிக்கிட மாப்பிள்ளை ஐயா!"