போட்டதும் ஓடிய பெட்டி

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரக் கடைத்தெருவில் இருந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்த ஹைட்ரூன், முந்தின நாள் வாங்கிய, டிவியோடு இணைக்கும் செட்-டாப் பெட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

“இது சரிப்படாது. வேற குடுங்க.”

கடைக்காரர் டோர்பன் பதறினார். “ஏன், ஓடலையா?”

“ஓடுதே! எங்க வீட்டுக்காரர் ஒயரைச் சொருகினார், உடனே படம் வந்துடுச்சு.”

“அப்புறம் என்னங்க குறை?”

“இருக்கறதுலயே ரொம்பப் படுத்தற பெட்டி எது?”

டோர்பன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். “இது வெறும் பெட்டி. லினக்ஸ்ங்கற அடிப்படை மென்பொருள்ல ஆரம்பிச்சு எல்லா புரோகிராமையும் நீங்களேதான் ஏத்தணும். ரிமோட்கூடச் சொன்ன பேச்சு கேக்காது. வாங்கினவங்க பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க.”

“அதையே குடுங்க.”

டோர்பனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போன் செய்தார். ஹைட்ரூன்தான் எடுத்தாள்; அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், “எந்த மடையன்டா இந்த புரோகிராமை எழுதினான்!” என்று கூரை பறக்கக் கத்திக்கொண்டிருந்தது.

“ஐயோ, ஆள் அனுப்பிச் சரிபண்ணித் தரட்டுமாங்க?”

“வேணாம்! யாரையும் அனுப்பிடாதீங்க!” ஹைட்ரூன் அவசரமாகத் தடுத்தாள். “எங்க வீட்டுக்காரர் ஆலையில மெஷினுக்கெல்லாம் பழுது பாத்த மனுஷன். ஆலையை மூடினதுலேருந்து, மாசக்கணக்கா சுவத்தையே பாத்துக்கிட்டு, வாயே திறக்காம, சரியாச் சாப்பிடாம உக்காந்திருந்தாருங்க. இன்னிக்குக் காலையிலேருந்து திட்டிக்கிட்டே இருக்கார்... இப்பதான் ரெண்டாவது கிண்ணம் சூப் கேட்டார்!”