கீழே பொடி எழுத்தில்

பத்தொன்பது நாட்கள் அவள் வாடகைக்கு வீடு தேடினாள். பெயரைச் சொன்னதும் எல்லோரும் மறுத்தார்கள். இந்த வீட்டில் தன் பெயர் கோமளா என்று சொன்னாள், சாவி கிடைத்தது. வாசலில் இடியாப்பம் விற்றாள். வாங்குகிறவர்கள் செல்பேசியில் பணம் போட ஸ்கேன் அட்டை வைக்கச் சொன்னார்கள்.

அட்டை கொடுக்க முதலில் வந்த இரண்டு நிறுவனத்தாரிடமும் ஒன்றுதான் கேட்டாள். “பணம் போடுறவங்களுக்கு என் பேர் தெரியுமா?”

தெரியும் என்றதால் வேண்டாமென்றாள். மூன்றாமவர், “கடைப் பேர்தான்க்கா வரும்” என்றார். அவரிடம் வாங்கி மாட்டினாள்.

முதல் ஆளாக வீட்டுக்கார அம்மாள் செல்பேசியை நீட்டினாள். “என் கை ராசியான கைடி, பாரு.” பிறகு கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். “கடைப் பேருக்குக் கீழே பொடியா இன்னொரு பேர் இருக்கே. யாருடி இது?”

அவள் இடியாப்பத் தட்டைத் துணியால் மூடினாள்.

“ஜுலைகா பீவி. நான்தாம்மா.”