எனக்கும் பெருமாளுக்கும்

28 வாங்கிய மாணவனுக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் 82 ஏறிவிட்டது.

பையன் பெயர் நிர்மல். லோஹேகாவில் இருக்கும் விமானப்படை சார்ஜென்ட் பரமசிவத்தின் மகன். படிப்பது மெக்கானிகல். கூடவே துணைப்பாடமாகக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு. அது இருந்தால் மகர்பட்டா ஐ.டி. கம்பெனிகளில் வேலை நிச்சயம் என்று எவனோ சொல்லியிருந்தான். 2006-ல் புனேயில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வேலையும் கிடைத்திருந்தது. டிகிரி ஒன்றுதான் பாக்கி.

பாதுகாப்புப் பாடம் எடுப்பவர் பேராசிரியர் ரங்கராஜன். முதல் வகுப்பிலேயே கர்ஜிப்பார்.

"பெண்டாட்டி பேரை பாஸ்வேர்டா வைக்கறவன் முட்டாள். அதை இன்னொருத்தர்கிட்ட சொல்றவன் குற்றவாளி!"

பாஸ்வேர்டை வெளியே சொல்லும் ஆசிரியருக்கு வேலை போகும் என்று கல்லூரிக்கு விதி எழுதிக் கொடுத்தவரும் அவரே.

82-ஐப் பார்த்த நிர்மல் பேசாமல் இருந்திருக்கலாம். நேராகப் பிரின்சிபால் குல்கர்ணியிடம் போனான்.

"சார், நான் எழுதின லட்சணத்துக்கு இவ்வளவு வராது."

விடைத்தாளை எடுத்துப் பார்த்தார்கள். 28. கம்ப்யூட்டரைக் கிண்டினார்கள். மெக்கானிகலிலிருந்து அந்தப் பாடம் படித்தவன் இவன் ஒருவன்தான். இவன் மார்க் மட்டும் தனியாக ஏறியிருந்தது. வியாழன் மதியம், ரங்கராஜனின் பாஸ்வேர்டில், கல்லூரிக்கு வெளியே இருந்து.

அந்த நேரம் ரங்கராஜன் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பே சாட்சி.

அப்புறம் என்ன? பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்றார்கள்.

"பரீட்சையில ஃபெயில், பிராக்டிகல்ல பாஸ்!" ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ரங்கராஜனும்தான்.

அன்று சாயங்காலம் பரமசிவம் ரங்கராஜனின் ஔந்த் ஃப்ளாட்டுக்கு வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"சார், திருடுனவன் தானா வந்து சொல்லுவானா?"

"மாட்டிண்டுடுவோம்னு பயந்து முந்திண்டிருப்பான்."

"28-ங்கது 82 ஆயிருக்கு. யாரோ அவசரத்துல மாத்தி அடிச்ச மாதிரில்லா இருக்கு?"

"யார் அடிக்கறது? என் பாஸ்வேர்ட் எனக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும். பெருமாள் வந்து டைப் அடிச்சாரா?"

பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபெயில்னா ஃபெயில் சார். மறுபடி எழுதட்டும். திருடன்னு மட்டும் எழுதி அனுப்பிராதீங்க. எந்தக் காலேஜும் சேக்காது. கிடைச்ச வேலையும் போயிரும்."

"அதை அவன் முன்னாடியே யோசிச்சிருக்கணும். காபி சாப்பிடுங்கோ."

பரமசிவம் காபியைத் தொடவில்லை. கொண்டுவந்து வைத்த ரங்கராஜனின் மனைவியும் நகரவில்லை.

"மெக்கானிகல் பையனா?" என்று கேட்டாள்.

"நீ உள்ளே போ" என்றார் ரங்கராஜன்.

மறுநாள் விசாரணைக் கமிட்டி. தலைவர், வேறு யார், ரங்கராஜன். பக்கத்தில் பிரின்சிபால் குல்கர்ணி.

"கடைசியா கேக்கறேன். பாஸ்வேர்டை எப்படி எடுத்தே?"

"நான் எடுக்கலை சார்."

"படிச்ச பாடத்தையே எனக்கு எதிராப் பயன்படுத்தறே. உன்னை மாதிரி ஆளுக்கு இந்தப் படிப்பே கொடுக்கக் கூடாது."

பையனை நீக்குவது என்று முடிவாயிற்று. ரங்கராஜன் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி உள்ளே வந்தாள்.

"அரே, வஹினி! நீங்க எங்கே இங்கே?" என்று எழுந்தார் குல்கர்ணி. மராத்தியில் வஹினி என்றால் அண்ணி. வருஷக்கணக்காக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் உட்காரவில்லை.

"அந்த 82-ஐ அடிச்சது நான். இவர் போடற மார்க்கெல்லாம் எப்பவும் நான்தான் வீட்டிலேர்ந்து ஏத்தறேன். வியாழக்கிழமை கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி போன் பண்ணினார். மெக்கானிகல் பையன் ஒருத்தன் விட்டுப்போயிட்டான், 28 போட்டுடுன்னார். அடுப்பிலே பால். அவசரத்துல மாத்தி அடிச்சுட்டேன்."

"இவளுக்கு உடம்பு சரியில்லை" என்றார் ரங்கராஜன்.

"நேத்து ராத்திரி இவர்கிட்டே சொன்னேன். தெரியும், வாயை மூடுன்னார்."

யாரும் ரங்கராஜனைப் பார்க்கவில்லை. நிர்மல் மட்டும் பார்த்தான்.

சரிபார்த்துவிடலாம் என்று குல்கர்ணி மேஜைக் கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க, வஹினி."

"என் பேருதான்."

குல்கர்ணியின் விரல் அப்படியே நின்றது.

"மன்னிக்கணும்... உங்க பேரு?"

"ப்ரியம்வதா."